பன்னிரண்டாவது இடம்

இரவு பதினொன்றுக்கு மேல் நான் அமெரிக்காவில் ஒரு சின்னக் கல்லூரியின் கூடைப்பந்துப் பயிற்றுநர். எல்லாம் ‘ஹூப்ஸ் டைனஸ்டி’ என்ற இணைய விளையாட்டில்தான். பந்தைத் தொடும் வேலையே கிடையாது. ஆட்டத்தைக் கணினியே ஆடி முடிவைச் சொல்லிவிடும். ஆள் சேர்ப்பதும் பயிற்சி நேரத்தைப் பங்கிடுவதும் நம் பாடு. குழுவில் 12 பேர். நான்காண்டு முடித்தவர்கள் போனதும் அந்த இடங்களுக்குப் புதுப் பிள்ளைகளைப் பிடிக்க வேண்டும். “விளையாட்டுன்னு சொல்றீங்க, பார்த்தா ஆபீஸ் வேலை மாதிரியில்ல இருக்கு” என்பாள் மனைவி. அவள் சொல்வதும் சரிதான்.

என்னுடையது மூன்றாம் பிரிவுக் கல்லூரி. (நிஜத்தில் அந்தப் பிரிவில் விளையாட்டுக்கென உதவித்தொகை கிடையாது, இந்த விளையாட்டில் உண்டு.) கையில் பணம் கொஞ்சம்தான். தூரத்துப் பையனைப் பார்க்கப் போனால் செலவும் கூடும். புதியவர்கள் பட்டியலின் உச்சியில் இருப்பவனைத் துரத்துவார்கள். நான் துரத்துவதில்லை. பெரிய கல்லூரி ஒன்று அவன்மேல் கண் வைத்தால் நாம் போட்ட காசு போனதுதான். பக்கத்து ஊர்ப் பையன், இன்று மதிப்பெண் குறைவு, ஆனால் உழைப்பும் வளர இடமும் இருக்கிறது என்றால் அவன் எனக்குப் போதும். இரண்டாம் ஆண்டில் ஆளே மாறிவிடுவான்.

ஒவ்வொரு பையனுக்கும் ஒரு விருப்பம் இருக்கும். ஒருவன் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கப் பார்ப்பான், இன்னொருவனுக்கு ஜெயிக்கிற குழுதான் வேண்டும். நெடுநாள் ஒரே இடத்தில் இருக்கும் பயிற்றுநரைத் தேடுபவர்களும் உண்டு. அவர்கள்தாம் எனக்கு வாய்த்தவர்கள். வாக்குறுதிக்கும் வலு உண்டு. ‘முதல் ஐவரில் உனக்கு இடம்’ என்று சொன்னால் பையன் நம் பக்கம் சாய்வான். சொன்னபடி ஆட வைக்காவிட்டால் கோபித்துக்கொண்டு வேறு கல்லூரிக்குப் போய்விடவும் கூடும்.

போன பருவத்தில் ஓர் உயரமான பையன் கிடைப்பான் போலிருந்தது. இன்னொரு கல்லூரியும் அவனுக்கு வலை வீசியது. இருவர் போட்டியிட்டால் கடைசியில் குலுக்கல் மாதிரிதான், வாய்ப்பைக் கூட்டிக்கொள்ளலாமே தவிர உறுதி கிடையாது. முதல் ஐவரில் இடம் என்று சொல்லியிருந்தால் என் வாய்ப்பு ஏறியிருக்கும். ஆனால் அதே இடத்துக்காக மூன்று பருவமாக ஓரத்தில் உட்கார்ந்திருந்தவன் ஒருவன் இருந்தான். அடுத்தது அவனுக்குக் கடைசி ஆண்டு.

“அது கம்ப்யூட்டர் வச்ச பேருப்பா, அதுக்கு மனசெல்லாம் இல்ல” என்றான் மகன். இருக்கலாம். இடைநிலைப்பள்ளிக் காற்பந்துக் குழுவில் நானும் இரண்டு வருடம் மாற்று ஆட்டக்காரனாக உட்கார்ந்தவன். சட்டை கசங்காமல் வீட்டுக்கு வருவேன். அம்மா ஒன்றும் கேட்கமாட்டார்.

உயரமான பையனுக்கு ஆட்டத்துக்குப் பத்து நிமிடம் தருவதாக மட்டும் சொன்னேன். அவன் மற்ற கல்லூரிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டான்.

கடைசி ஆண்டுக்காரன் இப்போது முதல் ஐவரில் ஆடுகிறான். நேற்று 11 புள்ளிகள். நிரம்பாத பன்னிரண்டாவது இடத்துக்கு விளையாட்டே உதவித்தொகை இல்லாத ஒருவனை அனுப்பியிருக்கிறது. எல்லா மதிப்பெண்ணும் மட்டம், வேகம் மட்டும் பரவாயில்லை. அதை வாரம் ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.