கைதட்ட மட்டும் கூப்பிடாதீர்கள்

குடியிருப்போர் நலச்சங்க ஆண்டு விழாக்களில் முன்வரிசை நாற்காலிகளை மூத்த குடிமக்களுக்கென்று விட்டுவைப்பது வழக்கம். மூட்டுவலி பற்றியோ சர்க்கரை பற்றியோ ஒரு டாக்டர் பேசுவார். குழந்தைகள் ஆடுவார்கள். எண்பதைத் தாண்டியவருக்கு ஒரு பொன்னாடை, எல்லோருக்கும் காபி. ஏற்பாடு செய்கிறவர்களின் மனசைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கு அன்று மாலை முழுக்க ஒரே வேலைதான்: கைதட்டுவது. வயதானவர்களுக்காக நடக்கும் யோகா வகுப்பு, கணினி வகுப்பு, சொற்பொழிவு, சுற்றுலா என்று பலவும் இதே அச்சில்தான் வார்க்கப்படுகின்றன. தொடங்கும்போது கூட்டம் வரும், ஆறு மாதத்தில் பாதியாகும், பிறகு செயலாளரும் அவருடைய இரண்டு நண்பர்களும் மிஞ்சுவார்கள். வயசானவர்களுக்கு ஆர்வம் நிலைக்காது என்று அதற்கு ஒரு சமாதானமும் தயாராக இருக்கும். கோளாறு வேறெங்கோ இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். மூத்தோர் கூடிக் கற்கும் ஒரு குழுவின் ஆயுளைத் தீர்மானிப்பது, வருகிறவரிடம் அது என்ன வேலை கேட்கிறது என்பதுதான். எதைக் கற்றுத் தருகிறது என்பதெல்லாம் அதற்கு அடுத்தபடி.

சென்னையின் தென்புறத்தில் உள்ள கீழ்க்கட்டளையை எடுத்துக்கொள்வோம். மடிப்பாக்கம், நங்கநல்லூர், மூவரசம்பட்டு, கோவிலம்பாக்கம் என்று சுற்றிலும் உள்ள பகுதிகளைப் போலவே இதுவும் ஏரியும் வயலும் இருந்த இடத்தில் மனை போட்டு வளர்ந்த ஊர். ஆபீஸில் வீட்டுக்கடன் வாங்கி, கால் கிரவுண்டோ அரை கிரவுண்டோ பார்த்து, லாரித் தண்ணீரில் வீடு கட்டிக் குடிவந்த தலைமுறைக்கு இப்போது எழுபது வயதை ஒட்டுகிறது. பிள்ளைகளில் சிலர் பழைய மகாபலிபுரம் சாலையில், சிலர் கடல் கடந்து. தமிழ்நாட்டில் அறுபது வயதைக் கடந்தவர்கள் 2011 கணக்கெடுப்பில் நூற்றுக்குப் பத்துப் பேர் சொச்சம். மத்திய அரசின் மக்கள்தொகை மதிப்பீட்டின்படி 2021இல் அது 13.6 சதவீதம், 2031இல் 18.2 சதவீதம். கேரளத்துக்கு அடுத்தபடி நாம்தான் வேகமாக நரைத்துக்கொண்டிருக்கிறோம். இதற்காகச் சில நல்ல ஏற்பாடுகள் நடந்திருக்கின்றன. கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024இல் திறக்கப்பட்டது. 2025-26 மாநில பட்ஜெட்டில் பகல் நேரத்தில் மூத்தோர் கூடுவதற்காக 25 அன்புச்சோலை மையங்கள் அறிவிக்கப்பட்டன. நோய்க்கு ஒரு இடம், பொழுதுக்கு ஒரு இடம் என்றவரையில் சரி. நாற்பது வருஷம் கணக்கு எழுதிய, கம்பி இழுத்த, பாடம் நடத்திய, இருபது பேருக்குத் தினமும் சமைத்த கைகளுக்கு எந்த இடம் என்பது இன்னும் யாரும் எடுக்காத கேள்வி.

உலகத்தில் இதற்கு இரண்டு வழிகள் முயன்று பார்க்கப்பட்டிருக்கின்றன. பிரான்ஸின் துலூஸ் நகரில் 1973இல் பியர் வெல்லாஸ் என்ற பேராசிரியர் 'மூன்றாம் பருவப் பல்கலைக்கழகம்' ஒன்றைத் தொடங்கினார். பல்கலைக்கழகமே கதவைத் திறந்துவிடும், பேராசிரியர்கள் நடத்துவார்கள், முதியவர்கள் வந்து கேட்பார்கள். பத்தாண்டுக்குள் அதே பெயர் கால்வாயைக் கடந்து கேம்பிரிட்ஜுக்குப் போனபோது, பீட்டர் லாஸ்லெட், மைக்கேல் யங், எரிக் மிட்வின்டர் ஆகியோர் ஆளையே மாற்றிப்போட்டார்கள். ஆசிரியர் என்று தனியாக யாருமில்லை. ரயில்வேயில் இருந்தவர் ரயில்வேயைப் பற்றிச் சொல்வார், அடுத்த வாரம் அவரே தாவரவியல் குழுவில் மாணவராக உட்காருவார். நாற்காலி போடுவதிலிருந்து கணக்கு வைப்பது வரை உறுப்பினர்கள் பொறுப்பு. சம்பளமில்லை, தேர்வில்லை, சான்றிதழில்லை. பிரிட்டனில் இன்று இப்படிப்பட்ட குழுக்கள் ஆயிரத்துக்கு மேல். துலூஸ் முறையை மட்டமாகப் பேச எனக்கு விருப்பமில்லை. நல்ல பேராசிரியரின் வகுப்பு எந்த வயதிலும் ஒரு பாக்கியம். ஆனால் அதற்குப் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகமும் அதன் பணமும் தயவும் வேண்டும். கேம்பிரிட்ஜ் முறைக்கு ஒரு அறையும் அதன் சாவியும் இருந்தால் போதும்.

இது ஏதோ வெள்ளைக்காரன் கண்டுபிடித்தது என்று எண்ண வேண்டியதில்லை. திருவாசக முற்றோதலைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். காலையில் தொடங்கிச் சாயங்காலம் வரை நடக்கும் அந்த ஓதலில் மேடைக்கும் சபைக்கும் இடைவெளி கிடையாது. எல்லோர் கையிலும் புத்தகம். ஒரு பதிகத்தை ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள், குரல் தழுதழுத்தால் பக்கத்தில் இருப்பவர் தாங்கிப் பிடிப்பார். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த பாட்டிக்குக்கூட வருஷம் திரும்புவதற்குள் பதிகங்கள் மனப்பாடமாகிவிடும். அதே ஆட்கள்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேன் பிடித்து, பாழடைந்த ஏதோ ஒரு சிவன் கோயிலுக்கு உழவாரப் பணிக்குப் போவார்கள். மதில் மேல் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்குவது முடிந்தவர் வேலை, முடியாதவர் விளக்குகளுக்குப் புளி போட்டுத் தேய்ப்பார். தேவாரம் பாடிய அப்பரே தள்ளாத வயது வரை உழவாரத்தைக் கீழே வைக்காதவர் என்பது மரபு. பாட்டையும் உழைப்பையும் ஒரே ஆளிடம் சேர்த்துக் கேட்ட அந்தப் பழைய ஏற்பாடு, அதிக விளம்பரமில்லாமல் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. சமயத்துக்கு வெளியே, எல்லா வீட்டாரும் வந்து உட்காரக்கூடிய ஓர் அறைக்கு அதைக் கொண்டுவர முடியுமா என்பதே நம் முன்னுள்ள காரியம்.

வேலை கொடுப்பதால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு இரண்டு ஆய்வுகளைச் சொல்லலாம். அமெரிக்காவின் டல்லஸில் டெனிஸ் பார்க் என்ற உளவியலாளர் அறுபதிலிருந்து தொண்ணூறு வயது வரையிலான 221 பேரைப் பல குழுக்களாகப் பிரித்தார். சிலர் மூன்று மாதம், வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம் போல, டிஜிட்டல் புகைப்படக்கலையையோ ஒட்டுத்துணித் தையலையோ இரண்டையுமோ புதிதாகக் கற்றார்கள். இன்னொரு குழு அதே நேரத்துக்கு ஒன்றுகூடிப் பேசியது, படம் பார்த்தது, சுற்றுலா போனது. 2014இல் வந்த முடிவின்படி, கஷ்டப்பட்டுப் புதிதாக ஒன்றைக் கற்றவர்களுக்குத்தான் ஞாபகசக்தி கூடியது, அதிலும் கேமராவோடு மல்லுக்கட்டியவர்களுக்கு நன்றாகவே. கூடிப் பேசிக் களித்தவர்களுக்கு அந்த அளவு பலன் தெரியவில்லை. 'டைம் பாஸ்' என்று நாம் ஏற்பாடு செய்வது அத்தனையும் அந்த இரண்டாவது குழுதான். பால்டிமோர் நகரில் நடந்த எக்ஸ்பீரியன்ஸ் கோர் திட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. முதியவர்கள் பயிற்சி பெற்று, வாரம் பதினைந்து மணி நேரம் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லித்தந்தார்கள், நூலகத்தை ஒழுங்கு செய்தார்கள். மூளையைப் படமெடுத்துப் பார்த்ததில் முதல் வருஷம் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. இரண்டாம் வருஷ முடிவில், வயதானால் சுருங்க வேண்டிய நினைவுப் பகுதி, முக்கியமாக ஆண்களிடம், சற்றே வளர்ந்திருந்தது. ஒரு மருந்து இப்படிச் செய்தால் அதன் விலை என்னவாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கீழ்க்கட்டளையில் இப்படி என்ன வேலை இருக்கிறது? ஒன்றைச் சற்று விரிவாகவே சொல்லத் தோன்றுகிறது. நாட்டுடைமையான 2,000-க்கும் மேற்பட்ட தமிழ் நூல்களின் பக்கங்கள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் உதவியால் விக்கிமூலம் என்ற இணைய நூலகத்துக்கு வந்து சேர்ந்தன. பக்கத்தின் படத்தைக் கணினியே படித்து எழுத்தாக்கிவிடும். ஆனால் அது படிக்கும் லட்சணம் இருக்கிறதே, துணைக்காலை 'ர' என்று எழுதும், மங்கிய புள்ளியை விட்டுவிடும், கறையைக் காற்புள்ளியாக்கும். மனிதர் ஒருவர் இடப்பக்கம் எழுத்தையும் வலப்பக்கம் படத்தையும் வைத்து வரிவரியாகத் திருத்த வேண்டும். திருத்தாத பக்கம் சிவப்பு, ஒருவர் மெய்ப்பு பார்த்தால் மஞ்சள், வேறொருவர் சரிபார்த்தால்தான் பச்சை. மஞ்சளாக்கியவரே பச்சையாக்க முடியாது என்பதால் இந்த வேலைக்கு இயல்பாகவே இரண்டு பேர் வேண்டியிருக்கிறது. எழுபது வயதுக்காரர்களுக்கு இதில் ஒரு தனி உரிமையும் உண்டு. 1978 அக்டோபரில் அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்து லை, னை, ணா, றா முதலான 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது. அதற்கு முந்தைய புத்தகங்களில் யானைத் துதிக்கை போல் மேலே வளைந்து நிற்கும் 'லை'யைப் பார்த்துக் கல்லூரிப் பெண்ணும் ஒரு கணம் திகைப்பாள். அந்த எழுத்திலேயே பள்ளிக்கூடம் படித்தவருக்கு அது பழகிய முகம். தட்டச்சு தெரியாதே என்றால், அதைக் கற்றுக்கொள்வதுதான் டல்லஸில் கேமரா செய்த வேலை.

இன்னொன்று சின்னது. மத்திய அரசு ஓய்வூதியர்கள் ஆண்டுதோறும் நவம்பரில் உயிரோடிருப்பதற்கான சான்று தர வேண்டும். 2014 நவம்பரில் அது டிஜிட்டலானது. வயதானவர்களின் விரல்ரேகை தேய்ந்துபோய் இயந்திரம் ஏற்க மறுப்பதால், இப்போது முகத்தைக் காட்டியே செய்துவிடலாம். போன் கேமராவை நேரே பார்த்துக் கண்ணைச் சிமிட்ட வேண்டும். வெளிச்சம் முதுகுப்பக்கம் இருந்தால் நடக்காது, கண்ணாடியைக் கழற்ற வேண்டியிருக்கும், ஓடிபி பிள்ளையின் நம்பருக்குப் போய்விட்டிருக்கும். இதை ஒரு தடவை தனக்குச் செய்து பார்த்தவர் தெருவில் பத்துப் பேருக்குச் செய்து தரலாம். பேரனிடம் கேட்டால் அவன் போனைப் பிடுங்கித் தானே முடித்துக் கொடுத்துவிடுவான். வயதொத்தவர்தான் பொறுமையாக இன்னொரு முறை காட்டுவார்.

மறுப்புகள் உண்டு, அவற்றில் நியாயமும் உண்டு. வாழ்நாளெல்லாம் உழைத்தவர்களை இன்னும் ஏன் பிழிய வேண்டும், நிம்மதியாகச் சாய்வு நாற்காலியில் இருக்கட்டுமே என்பது முதலாவது. ஓய்வு அவரவர் உரிமை, யாரையும் வற்புறுத்த முடியாது. ஆனால் இந்த வாதத்தைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் வீட்டு ஆண்களையே மனதில் வைத்துப் பேசுகிறார்கள். அந்த வீட்டுப் பெண் ஓய்வு பெற்றதே இல்லை. காலையில் பேத்தியின் டப்பா, மதியம் வேன் வரும் நேரம், சாயங்காலம் மருமகள் வரும் வரை காவல். அவளை யாரும் பிழிவதாக நினைப்பதில்லை. அவளுக்குத் தேவை இன்னும் கொஞ்சம் வேலையல்ல, வீட்டுக்கு வெளியே தன் பெயரில் ஒரு வேலை. ஆகவே இப்படி ஒரு குழு சாயங்காலம் ஆறு மணிக்குக் கூடினால் அது ஆண்கள் சங்கமாகிவிடும். பதினொன்றிலிருந்து ஒன்றரை வரை கூட வேண்டும்.

ஆளுக்கு ஆள் மைக்கைப் பிடித்து அறிவுரை சொன்னால் யார் தாங்குவது என்பது இரண்டாவது. இது உண்மையிலேயே ஆபத்து. சிலரிடம் மைக் போனால் திரும்பி வராது. மேடை வைக்காமல் மேஜை வைத்தால் பாதி தீரும். எதிரே திருத்த வேண்டிய பக்கம் ஒன்று இருக்கும்போது பிரசங்கத்துக்கு இடம் குறைவு. பயிற்சி இல்லாதவர்கள் பிறருக்குச் சொல்லித்தரலாமா என்ற கவலைக்கு, 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி பதில் சொல்லிவிட்டது. சுமார் இரண்டு லட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் தெருவில் இருக்கும் பெண்கள், வீட்டுத் திண்ணையில் பாடம் நடத்திக் காட்டினார்கள்.

இதெல்லாம் பென்ஷன் வருகிறவர்களின் சமாசாரம், அறுபத்தெட்டு வயதில் அபார்ட்மென்ட் வாசலில் ராத்திரி வாட்ச்மேனாக நிற்பவருக்கும், மாதம் 1,200 ரூபாய் அரசு உதவித்தொகையை நம்பிப் பூக்கட்டி விற்கும் அம்மாளுக்கும் இதில் என்ன இருக்கிறது என்பதுதான் கடினமான மறுப்பு. முழுமையான பதில் என்னிடம் இல்லை. பால்டிமோர் முதியவர்கள் வசதியானவர்களல்ல, பெரும்பாலும் வருமானம் குறைந்த கறுப்பினப் பெண்கள். அவர்களுக்குச் செலவுத் தொகை என்று மாதம் ஒரு சிறு பணம் கையில் வந்தது. இல்லம் தேடிக் கல்வியிலும் மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கப்பட்டது. தொண்டு என்றால் கைக்காசு போக வேண்டும் என்பது வசதியுள்ளவர்கள் வைத்த விதி. அதை மாற்றாதவரை பூக்காரம்மா உள்ளே வரமாட்டார். அவர் வந்தால் கையெழுத்தும் பஸ் போர்டும் கற்றுக்கொண்டு போகலாம், விரல் மரத்துப்போன ரிடையர்ட் அதிகாரிக்குச் சரம் தொடுக்கக் கற்றுத் தரலாம். இரண்டாவது பாடம்தான் கஷ்டமானது. அரசு செய்ய வேண்டியதை இலவச ஆட்களை வைத்து ஒப்பேற்றும் அபாயமும் இதோடு சேர்ந்ததே. எனவே சம்பள ஆள் இருக்க வேண்டிய இடத்தில் இந்தக் குழு கால் வைக்கக் கூடாது. நர்ஸ் வேலை நர்ஸுக்கு, சாக்கடை மாநகராட்சிக்கு.

மிச்சமிருப்பது இடம். மேடவாக்கம் மெயின் ரோட்டில் மெட்ரோ தூண்கள் எழும்பி, தடுப்புகளுக்கு நடுவே வண்டிகள் நெருக்கியடித்துப் போகும் இந்த நாட்களில், ரோட்டைக் கடந்து போக வேண்டிய எந்த மையமும் எழுபத்தைந்து வயதுக்காரருக்கு இல்லாத மையம்தான். மாநகரப் பேருந்தில் மூத்தோருக்கு மாதம் பத்து இலவச டோக்கன் உண்டு, பெண்களுக்குச் சாதாரணப் பேருந்தில் கட்டணமே இல்லை. ஆனாலும் பிரச்சினை ரோட்டின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போவது. நடந்து போகும் தொலைவில், படி ஏறாமல், கழிப்பறையோடு ஓர் அறை என்றால் அது பெரும்பாலும் நூலகமோ பள்ளியோ அங்கன்வாடியோதான். நூலகத்துக்கென்று சொத்து வரியோடு எல்லோரும் நூலக வரி கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். கீழ்க்கட்டளையும் அடங்கிய, 2021 நவம்பரில் உருவான தாம்பரம் மாநகராட்சியில் 70 வார்டுகள் இருக்கின்றன. அடுத்த ஆண்டு நவம்பர் 1 அன்று, வார்டு மக்கள் கூடிக் குறைகளைப் பேசும் பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கியபோது, பக்கத்துப் பம்மலில் முதலமைச்சரே வந்து உட்கார்ந்தார். அந்தச் சபைகளுக்குத் தவறாமல் வருகிறவர்கள் மூத்தவர்கள்தான், கையில் தெருவிளக்கு, மழைநீர் வடிகால் பற்றிய மனுவோடு. அதே மனுவில் இன்னொரு பத்தி சேர்க்கலாம்: வாரத்தில் மூன்று நாள், பதினொன்றிலிருந்து ஒன்றரை வரை, நூலகத்தின் ஒரு மூலை, நான்கு பிளக் பாயிண்ட், சாவிக்குக் கையெழுத்துப் போடப்போகிற இரண்டு பேரின் பெயர். அதில் ஒரு பெயர் பெண்ணுடையதாக இருக்கட்டும்.