செலவுக்கு வரி விதிப்பவர் யார்?

மாதச் சம்பளக்காரர் வீட்டிலே வருமான வரி ஓர் அழையா விருந்தாளி. மற்ற விருந்தாளிகள் நம்மோடு பந்தியில் அமர்ந்து உண்பார்கள். இவரோ நாம் கையலம்பி வருமுன்னரே தம் பங்கை உண்டு முடித்துவிடுவார். சம்பளம் நம் கைக்கு வரும்போது அது ஏற்கெனவே இளைத்திருக்கும்.

வெள்ளவத்தையில் வாடகை வீட்டில் வாழும் நாம் இவ்வுண்மையை 2023 ஜனவரியில் நன்குணர்ந்தோம். அதற்கு முன்னர் மாதம் இரண்டரை இலட்சம் ரூபா வரை உழைப்பவருக்கு வருமான வரி இருக்கவில்லை. புதிய சட்டம் அவ்வெல்லையை ஓரிலட்சமாக இறக்கியது. அதற்கு மேற்பட்ட தொகைக்கு 6 சதவீதத்தில் தொடங்கி 36 சதவீதம் வரை படிப்படியாக வரி விதித்தது. இரண்டு இலட்சம் பெறுபவரிடமிருந்து மாதந்தோறும் 10,500 ரூபா கழிந்தது. 2022 செப்டெம்பரிலே கொழும்பின் பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தை எட்டியிருந்தமையால், மிஞ்சிய பணத்தின் பெறுமதியும் முன்போல் இல்லை.

எம் இல்லத்தரசியார் வரவு செலவுக் கொப்பியை விரித்தார். மகளின் வீணை வகுப்பு நின்றது. யாழ்ப்பாணப் பயணம் அடுத்த ஆண்டுக்குத் தள்ளப்பட்டது. மீன் வாரம் ஒருமுறை என்றாயிற்று. ஊரிலுள்ள தாயாருக்கு அனுப்பும் பணத்தில் மாத்திரம் அவர் பேனை படவில்லை.

வருமான வரி கட்டாதவர் தப்பினாரா? கொட்டாஞ்சேனையிலே கடை வைத்திருக்கும் எம் மைத்துனர் இக்கேள்விக்குச் சிரிப்பார். 8 சதவீதமாயிருந்த பெறுமதி சேர் வரி 2022இல் இருமுறை ஏறி 15 ஆகி, 2024 ஜனவரியில் 18 ஆயிற்று. துறைமுகத்தருகே மூட்டை சுமக்கும் தொழிலாளி வாங்கும் சவர்க்காரத்துக்கும், மாளிகையில் வாழ்பவர் வாங்கும் சவர்க்காரத்துக்கும் ஒரே விகிதந்தான். சம்பளக்காரனுக்காவது கழிந்த தொகை சீட்டில் தெரிகிறது. அத்தொழிலாளிக்கு அதுவும் தெரிவதில்லை.

இந்நாட்டில் வருமான வரி 1932இல் பிறந்தது. கேம்பிரிட்ஜ் பொருளியலறிஞர் நிக்கலஸ் கால்டோரின் ஆலோசனைப்படி, 1959இல் குடிமக்களின் செலவுக்கே வரி விதிக்கும் புதுமையும் இங்கே நடந்தது. அவ்வரி நிலைக்கவில்லை. ஆயினும் அது ஒரு கேள்வியை நம் உள்ளத்தில் எழுப்புகிறது: குடிமகனின் செலவுக்கு வரி விதிக்கலாமெனில், ஆட்சியாளரின் செலவுக்கு வரி விதிப்பவர் யார்?

2013இல் மத்தளையில் விமான நிலையம் திறக்கப்பட்டது; விமானங்கள்தாம் வரத் தயங்கின. 2019இல் தாமரைக் கோபுரம் 350 மீற்றர் உயர்ந்து நின்றது. அதற்கும் கடன் வாங்கியே கட்டினர். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென நாடு அறிவித்தது. 2023இல் அரசாங்க வருமானத்தின் பாதிக்கும் மேற்பட்ட பகுதி வட்டிக்கே போயிற்று. நாட்டைத் தாழ்த்திய சிலர் மக்களின் நம்பிக்கையை மீறினரென அவ்வாண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தது, வட்டியை நாம் கட்டுகிறோம்.

வரியே வேண்டாமென்பது எம் கட்சியன்று. 1945 முதல் இந்நாட்டுப் பிள்ளைகள் பெற்றுவரும் இலவசக் கல்வியும், அரசாங்க வைத்தியசாலைகளும் வரிப்பணத்தின் கொடைகளே. 2019இன் இறுதியில் வரிகளை வாரிக் குறைத்ததும் திறைசேரி வெறுமையாவதற்கு ஒரு காரணமாயிற்று. வேண்டியது குறைந்த வரியன்று, நேர்மையான கணக்கு.

அக்கணக்கு இல்லாமையால் விளையும் இழப்பு ரூபாவிலே மாத்திரம் அடங்குவதன்று. இலவசக் கல்வியால் வைத்தியரான எம் அயல்வீட்டு இளைஞர் 2023இல் கடல் கடந்தார். “வரி கட்டுவது வருத்தமில்லை, மாமா, அது எங்கே போகிறதென்று தெரியாததுதான் வருத்தம்” என்று அவர் கூறிய சொல் எம்மை இன்றும் உறுத்துகிறது. அவரை வளர்த்தது இந்நாட்டு ஏழைகளின் பணம். அதன் பயனைப் பெறுவதோ பிறநாடு.

2025 ஏப்ரலில் வரியில்லா எல்லை மாதம் ஒன்றரை இலட்சமாக உயர்ந்தது. இரண்டு இலட்சம் பெறுபவரின் வரி 10,500 ரூபாவிலிருந்து 3,000 ரூபாவாகத் தணிந்தது. வீணை வகுப்பு மீண்டும் தொடங்கியிருக்கிறது. எனினும் சுமை தணிந்ததென்று கேள்வியையும் தணித்துவிடலாகாது. மாணவச் செல்வங்களே, சோதனைக்கு வரலாறு படிப்பதைப் போலவே வரவு செலவுத் திட்டத்தையும் கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கையையும் படிக்கப் பழகுங்கள். கணக்குக் கேட்கத் தெரிந்த மக்களிடம் பொய்க் கணக்குக் காட்டுவது எந்த ஆட்சிக்கும் எளிதன்று.