மருந்துவாழ் மலையில் மூச்சின் கணக்கு

மேற்குத் தொடர்ச்சி மலை கடலை நோக்கித் தாழ்ந்து முடிகிற தென்கோடியில், கன்னியாகுமரியிலிருந்து நாகர்கோவிலுக்குச் செல்லும் சாலையில், பொற்றையடிக்கு அருகே நிற்கும் மருந்துவாழ் மலை உருவத்தால் சிறியது, கீர்த்தியால் பெரியது. அனுமன் சஞ்சீவி பர்வதத்தைச் சுமந்து சென்றபோது சிதறி விழுந்த துண்டே இது என்பது ஊரார் வழிவழியாகச் சொல்லிவரும் ஐதிகம். நாராயண குரு தவமிருந்த பிள்ளைத்தடம் குகையும் இதன் மேற்பகுதியில்தான் இருக்கிறது. ஆதலால் பக்தியினால் ஏறுகிறவர்களும், மூலிகை நாடி ஏறுகிறவர்களும், காட்சி காணவே ஏறுகிறவர்களும் உண்டு. இம்மூவகையினரையும் கோடைக்காலங்களில் அழைத்துச் சென்று பழகிய எனக்கு உறுதியாகத் தோன்றுவது ஒன்று: பெரிய மலையை விடச் சிறிய மலைக்கே நிதானம் அதிகம் வேண்டும். பெரிய மலைக்குப் போகிறவன் அதன் பிரம்மாண்டத்துக்கு அஞ்சித் தானாகவே நடையை அடக்கிக்கொள்கிறான். சிறிய மலையோ உச்சியைக் கண்ணெதிரிலேயே காட்டி ஆசை மூட்டி, அவனை ஓட வைத்துவிடுகிறது.

வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-ஆம் ஆண்டிலேயே இதற்கு ஒரு கணக்கு வகுத்தார்: வரைபடத்தில் மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், அதற்கு மேல், ஏறுகிற உயரத்தில் ஒவ்வொரு 2000 அடிக்கும் இன்னொரு மணி நேரம். குளிர் தேசத்தில் பிறந்த அந்தக் கணக்கில் நம் சித்திரை வெயிலுக்கும் கடற்கரைப் புழுக்கத்துக்கும் இடமில்லை. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியாகுமானால் சுமார் 580 கிலோகலோரி உஷ்ணத்தைத் தேகத்திலிருந்து எடுத்துச் செல்லும். ஆனால் இந்தப் பிரதேசத்துக் காற்று ஏற்கெனவே ஈரத்தைச் சுமந்திருப்பதால், வியர்வை ஆவியாகாமல் முதுகில் வழிந்து மண்ணில் சொட்டுகிறது. நீரும் உப்பும் நஷ்டமாகின்றன, உடம்போ குளிர்வதில்லை. ஆகவே பொழுது புலரும்போதே அடிவாரத்தில் இருக்க வேண்டும் என்பதும், உப்பிட்ட மோரோ நீராகாரமோ கையில் வேண்டும் என்பதும் எங்கள் முதல் விதிகள்.

"அண்ணாச்சி, இன்னும் எவ்வளவு தூரம் உண்டு?" என்று படிகளின் தொடக்கத்திலேயே இளைஞர் யாராவது கேட்காமல் இருப்பதில்லை. "நீ பேசிக்கிட்டே வா தம்பி, அது போதும்" என்பதே என் பதில். பேச்சை மழுப்புவதற்காக நான் அப்படிச் சொல்வதில்லை. ஒரு முழு வாக்கியத்தை இடையில் மூச்சு வாங்காமல் பேசி முடிக்க முடிகிற வரையில் நடை சரியான வேகத்தில் இருக்கிறது. வாக்கியம் பாதியில் அறுந்தால், கால்கள் கேட்கிற பிராணவாயுவை நெஞ்சினால் கொடுத்து ஈடுகட்ட முடியவில்லை என்று பொருள். அப்போது நான் நிற்கச் சொல்வதில்லை. அடியைப் பாதியாகக் குறைத்து நடக்கச் சொல்கிறேன்.

எங்கே உட்காருவது என்பதிலும் ஒரு விவேகம் இருக்கிறது. களைத்தவர்கள் மரங்கள் அடர்ந்த இடத்தையே நாடுவார்கள். அங்கே நிழல் உண்டு, ஆனால் காற்று அசைவதில்லை. வெறும் பாறை முகட்டிலோ காற்று உண்டு, நிழல் இல்லை. வெயில் ஏற ஏற நிலம் கடலைவிட விரைவில் சூடாகி, அதன் மேலுள்ள காற்று இலேசாகி எழ, அவ்விடத்தை நிரப்பக் கடற்காற்று உள்ளே புகுகிறது. அது முதலில் வந்து தொடுகிற, மரங்கள் முடிந்து பாறை தொடங்குகிற விளிம்பே இளைப்பாறத் தக்க இடம். அங்கே அமர்ந்தால் நனைந்த சட்டை முதுகைவிட்டு விலகுவதைச் சிறிது நேரத்திலேயே உணரலாம்.

உச்சியிலிருந்து தெரியும் தென்னந்தோப்புகளையும், வயல்களையும், பழையாறு கடலில் கலக்கிற மணக்குடிப் பக்கத்தையும், சுசீந்திரம் கோபுரத்தையும் பலர் வர்ணித்திருக்கிறார்கள். நான் சொல்ல விரும்புவது, அக்காட்சியில் மனம் நிறைந்தவர்கள் அலட்சியமாகத் தொடங்கிவிடுகிற இறக்கத்தைப் பற்றி. ஏற்றம் நெஞ்சுக்குப் பரீட்சை. இறக்கம் தொடைக்குப் பரீட்சை. உடலின் பாரத்தைத் தாங்கி நிறுத்தும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே இழுக்கவேண்டியிருக்கிறது. அதன் நுண்ணிழைகள் நோவது அந்த வேலையினால்தான். கோடையில் இன்னோர் அபாயமும் உண்டு: சரிந்த பாறையின்மேல் உலர்ந்து கிடக்கும் பொடிச்சரளை பாதத்தின் கீழ் உருண்டுகொடுக்கும். குதிகாலை முன்னே நீட்டி ஊன்றுகிறவன் அதில் வழுக்குவான். முழங்காலைச் சற்றே மடக்கி, உள்ளங்கால் முழுவதும் படும்படி, தன் உடலுக்கு நேர் கீழேயே சிற்றடி வைக்கிறவனுக்கு அதே பாறை இடம் கொடுக்கும்.

அடிவாரத்தில், நுங்கும் அக்கானியும் கிடைக்கிற பருவமாயிருந்தால், யார் முதலில் உச்சியைத் தொட்டார் என்ற விவாதம் அங்கே உற்சாகமாக நடக்கும். நான் அதில் கலந்துகொள்வதில்லை. இறக்கத்தின் நோவு அன்றைக்கே முழுவதும் தெரிவதில்லை. ஓரிரண்டு நாள் கழித்தே அது உச்சத்துக்கு வரும். ஆகவே மலையை நன்றாக ஏறி இறங்கியவர் யார் என்பதை, மறுநாளைக்கு மறுநாள் தம் வீட்டு மாடிப்படிகளில் கைப்பிடியைப் பற்றாமல் இறங்குகிறவர் யார் என்று கேட்டுத்தான் நான் தீர்மானிக்கிறேன்.