சீசனும் பரீட்சையும்

மாலை ஐந்து மணிக்கெல்லாம் கராச்சர்மாவில் விளக்குப் போட்டுவிட்டார்கள். டிசம்பரில் அந்தமானில் பொழுது அப்படித்தான் சாய்கிறது. சென்னைக்குக் கிழக்கே ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருந்தாலும் கடிகாரம் என்னவோ அதேதான். பஸ்ஸிலிருந்து இறங்கி, வேளாண் ஆராய்ச்சி நிலையத்தைத் தாண்டி ஒரு சந்துக்குள் நடந்தேன்.

தகரக்கூரை வீடு. வாசலில் வெள்ளை வேன். உள்விளக்கு எரிய, ஸ்டீயரிங்மேல் பரீட்சை அட்டையைச் சாய்த்து எழுதிக்கொண்டிருந்தான், நேற்று ஏர்போர்ட்டிலிருந்து என்னை அழைத்துவந்த தம்பி. இருபத்திரண்டு வயது. இக்னோ தொலைநிலைக் கல்வியில் பி.ஏ. இரண்டாம் ஆண்டு.

"ஒரே ரூம்ணா. தங்கச்சிக்குப் பன்னெண்டாவது. அது உள்ள படிக்குது, நான் இங்க."

அப்பா கொத்தனார் வேலைக்குக் கப்பலேறி வந்தவர். சாரம் சரிந்து விழுந்ததிலிருந்து வீட்டோடு இருக்கிறார். ரெகுலர் காலேஜில் ஒரு செமஸ்டர் போய்ப் பார்த்தான் தம்பி. வண்டி ஓட்டிய நாளெல்லாம் ஆப்சென்ட் விழுந்தது. 1967இல் ஜே.என்.ஆர்.எம். கல்லூரி வரும்வரை பட்டம் வேண்டுமென்றால் இங்கிருந்து கடல் தாண்டியாக வேண்டியிருந்தது. இன்று பஸ் போகும் தூரத்திலேயே கல்லூரிகள் இருக்கின்றன. ஆனால் பகல் பத்து மணிக்கு வகுப்பில் உட்கார இவனால் முடியவில்லை.

நோட்டை வாங்கிப் பார்த்தேன். ஈரக்காற்றில் தாள்கள் அப்பளம்போல நெளிந்திருந்தன. முன்பக்கம் பஞ்சாயத்து ராஜ் பற்றிய விடை. பின்பக்கம், அதே கையெழுத்தில், "பெரியவர் 4, குழந்தை 1, ஃபிளைட் 11.40". பாடங்களைப் போனிலேயே இறக்கிக்கொள்கிறான். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்த பிறகு கிடைத்த வசதி இது.

அசைன்மென்ட்டுக்கு 30 சதவீதம். கையால் எழுதித் தர வேண்டும். சவாரி குறைந்த மழை மாதங்களிலேயே அதை முடித்துவிட்டான். மீதி 70 பரீட்சையில். ஜூனில் ஒன்று, டிசம்பரில் ஒன்று, நாடு முழுதுக்கும் ஒரே அட்டவணை. ஆனால் இந்தத் தெருவில் வருடம் முழுக்க அடுப்பெரிய வேண்டுமென்றால் சுற்றுலா சீசனான டிசம்பரிலும் ஜனவரியிலும் வண்டி நிற்கக் கூடாது. யாரையும் குறை சொல்ல வழியில்லை, எனக்குத்தான் மனசு ஆறவில்லை. ஒரு பேப்பர் எழுத அவன் விடுவது ஒரு நாள் சம்பளம், சில சமயம் ஒரு ஹோட்டலின் வாடிக்கை.

"ஜூன்ல எழுதலாமே தம்பி?"

"போன டிசம்பரும் தள்ளித்தான் போட்டேன். இப்படியே போனா தங்கச்சி எனக்கு முன்னாடி டிகிரி வாங்கிடும்ணா."

போன் அடித்தது. இந்தியில் பேசினான். நாளை மறுநாள் காலை ஐந்தரைக்கு ஹோட்டலில் ஆளேற்றி, ஹேவ்லாக் கப்பலுக்கு ஜெட்டியில் விட வேண்டும். சன்வைசரில் செருகியிருந்த ஹால்டிக்கெட்டை இழுத்துப் பார்த்தான். அன்றைக்குப் பத்து மணிக்குப் பரீட்சை.

"ஆ ஜாவூங்கா, சார்."

வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "எட்டுக்குள்ள திரும்பிடுவேன்ணா. அப்புறம் ரெண்டு மணி நேரம் இருக்குல்ல, படிக்க."