திரும்பும் சரக்கு

நான் பிறந்த ஊர் தூத்துக்குடி. ஆசிரியப் பணியின் பொருட்டுத் தில்லிக்கு வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. இங்கே யமுனை உண்டு, கடல் இல்லை. ஆதலால் வ.உ.சிதம்பரனார் பற்றிய பாடம் வரும்போதெல்லாம், என் ஊர்க் கடலையே வகுப்பறைக்குள் அழைத்து வருவதுபோல் மகிழ்வேன்.

சென்ற ஆண்டு, பனி மூடிய ஒரு காலை வேளையில், ஏழாம் வகுப்பில் அப்பாடத்தை நடத்தினேன். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஆங்கிலேயரின் நீராவிக் கப்பல்களே கோலோச்சிய காலம் அது. அதனை எதிர்த்து, 1906ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவு செய்யப்பட்டது. அதன் மூலதனம் 10 இலட்சம் ரூபாய். ஒரு பங்கின் விலை 25 ரூபாய். முதலில் வாடகைக் கப்பல்கள் ஓடின. ஆங்கிலேயரின் நெருக்குதலால் அவை நின்றுபோயின. பின்னர் வ.உ.சி. பம்பாய் சென்று முயன்றார். 1907ஆம் ஆண்டில் 'காலியா', 'லாவோ' என்னும் கப்பல்கள் சங்கத்துக்குச் சொந்தமாயின. இதைச் சொல்லும்போது வழக்கம்போல் என் குரல் தழுதழுத்தது.

அப்போது கடைசி வரிசையில் ஒரு மாணவன் கையை உயர்த்தினான்.

"ஐயா, கொழும்பிலிருந்து திரும்பி வரும்போது அந்தக் கப்பலில் என்ன சரக்கு ஏற்றினார்கள்?"

சிலர் சிரித்தனர். அவன் சிரிக்கவில்லை. "என் அப்பா லாரி ஓட்டுகிறார், ஐயா. இங்கிருந்து சென்னைக்குச் சரக்கு கொண்டு போவார். அங்கிருந்து திரும்பி வரச் சரக்கு கிடைக்கவில்லை என்றால் டீசல் காசு கைவிட்டுப் போகும். அன்றைக்கு எங்கள் வீட்டில் யாரும் அதிகம் பேசமாட்டோம்."

நான் விடையின்றி நின்றேன். பல்லாண்டுகளாக அப்பாடத்தை நடத்தியவன் நான். அந்தக் கப்பல் நாள்தோறும் எப்படிப் பிழைத்தது என்று ஒருமுறையும் எண்ணிப் பார்த்ததில்லை. என் பாட்டனாரோ தூத்துக்குடித் தோணித்துறையில் மூட்டை சுமந்தவர்! தோணி வராத நாளில் அவர் வீட்டு அடுப்பும் தாமதமாகவே எரியும் என்று என் தந்தையார் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த மாணவனின் வீட்டு மௌனம் எனக்குப் புதிதன்று. நான்தான் அதை மறந்திருந்தேன்.

மறுநாள் அவ்வினாவுக்கு விடை கூறினேன். பழைய தூத்துக்குடித் துறையில் கடல் ஆழமில்லை. ஆகவே கப்பல்கள் கரையிலிருந்து சில மைல் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும். மூட்டைகளும் மக்களும் தோணிகளில் சென்று கப்பல் ஏறவேண்டும். அரிசியும் துணியும் இங்கிருந்து இலங்கைக்குச் செல்லும். பாக்கும் தேங்காயும் அங்கிருந்து வரும். தேயிலைத் தோட்டங்களுக்குப் பிழைப்புத் தேடிச் சென்ற நம்மவரும் அவ்வழியேதான் போய் வந்தனர். கப்பலின் அடித்தளத்தில் தொழிலாளர்கள் வெப்பத்தில் நின்று உலையில் நிலக்கரியை வாரிப் போடுவார்கள். கொதிகலனில் நீர் ஆவியாகி, அந்த ஆவியின் விசையால் பொறி இயங்கும். கப்பல் நிறைந்திருந்தாலும் வெறுமையாக இருந்தாலும் உலை எரிந்தாக வேண்டும். மாலுமிகளுக்குச் சம்பளம் தந்தாக வேண்டும். எனவே ஒவ்வொரு பயணத்திலும் ஆளும் சரக்கும் நிறைந்தால்தான் சங்கம் நிலைக்கும்.

இதனை ஆங்கிலேய நிறுவனம் நன்கு அறிந்திருந்தது. அது தன் கட்டணத்தை 1 ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கப்பல் எட்டணாவுக்கு இறங்கியது. உடனே அந்நிறுவனம் கட்டணமே வேண்டாம், ஏறுவோருக்குக் குடையும் இலவசம் என்று அறிவித்தது. அப்படியும் நம் மக்கள் பலர் காசு கொடுத்துச் சுதேசிக் கப்பலிலேயே ஏறினர்.

ஆனால் 1908ஆம் ஆண்டு மார்ச்சு 12ஆம் நாள் வ.உ.சி. கைது செய்யப்பட்டார். தலைவர் சிறையில் செக்கிழுத்தார். கப்பலோ காக்க ஆளின்றித் தவித்தது. 1911ஆம் ஆண்டில் சங்கம் கலைந்தது. 1912ஆம் ஆண்டு டிசம்பரில் அவர் விடுதலையாகி வந்தபோது அந்தக் கப்பல்கள் இல்லை.

வகுப்பு அமைதியாக இருந்தது. அம்மாணவன் மெதுவாகக் கேட்டான்: "அந்தக் குடையை வேண்டாம் என்றவர்களின் பெயர்கள் எங்கேனும் எழுதப்பட்டிருக்கின்றனவா, ஐயா?"

"நம் பாடநூலில் இல்லையப்பா" என்றேன். அவன் தன் குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டான்.

அடுத்த மாதம் பெற்றோர் கூட்டம் நடந்தது. அவனுடைய தந்தையார் லாரியை நிறுத்திவிட்டு நேரே பள்ளிக்கு வந்திருந்தார். கண்கள் உறக்கமின்றிச் சிவந்திருந்தன. மகனின் மதிப்பெண்களைப் பார்த்தபின் சற்றுத் தயங்கி, "ஐயா, பையன் அந்தக் கப்பல் கதையைச் சொன்னான். எட்டணாவுக்கு ஓட்டினால் எப்படிக் கட்டுப்படியாகும்?" என்று கேட்டார்.

"கட்டுப்படியாகவில்லை. அது தெரிந்தும் ஓட்டினார்கள்" என்றேன்.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு மகனின் தோளில் கைவைத்து, "கோடை விடுமுறையில் தூத்துக்குடிக்கு ஒரு சரக்கு கிடைத்தால் இவனையும் கூட்டிப் போகிறேன், ஐயா. அந்தக் கடலை இவன் பார்க்க வேண்டும்" என்றார்.

"திரும்பி வரச் சரக்கு கிடைக்குமா, அப்பா?" என்று கேட்டான் மகன்.

தந்தையார் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன்.