காண்டலுக்குள் கருதல்

மானிப்பாய், திங்கட்கிழமை

சில நாட்களாக வி. எஸ். இராமச்சந்திரனின் ஆராய்ச்சிகளை ஒழுங்காகப் படித்து வருகிறேன். 1951 இல் சென்னை இராச்சியத்திற் பிறந்து, ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் வைத்தியம் பயின்று, மாணவராயிருந்த காலத்திலேயே, 1972 இல், இரு கண் பார்வைபற்றிய கட்டுரையொன்றை ‘நேச்சர்’ சஞ்சிகையில் வெளியிட்டு, பின்னர் கேம்பிரிட்ஜின் திரினிட்டிக் கல்லூரியிற் கலாநிதிப் பட்டம் பெற்று, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்திற் பேராசிரியராக அமர்ந்தவர் அவர். பென்சில், கடதாசி, முகம் பார்க்குங் கண்ணாடி ஆகிய அற்ப சாதனங்களைக் கொண்டே, காட்சி என்பது யாது என்ற பழைய வினாவை அவர் எழுப்பினார் என்பதுதான் என் ஆர்வத்தைத் தூண்டியது.

புதன்கிழமை

பேர்த்தியின் சித்திரக் கொப்பியிற் சில வட்டங்களை வரைந்து, சிலவற்றின் மேற்பாதி வெளிறியும் கீழ்ப்பாதி கறுத்தும், ஏனையவற்றில் அதற்கு மாறாகவும், படிப்படியாக நிழல் தீட்டினேன். முன்னவை புடைத்தும் பின்னவை குழிந்தும் தோன்றின. கொப்பியைத் தலைகீழாகத் திருப்பியதும் மேடு குழியாயிற்று, குழி மேடாயிற்று.

“இப்ப அதை ஆட்டாமல் பிடியுங்கோ, அப்பப்பா” என்று சொல்லிவிட்டு, அவள் முற்றத்தில் மறுபக்கம் திரும்பி நின்று, குனிந்து, தன் கால்களுக்கிடையாற் பார்த்தாள். “ஐயோ, எல்லாம் மாறிப்போச்சு!”

ஒளி மேலிருந்து வருவதே இயல்பு என்று மூளை நம்மைக் கேளாமலே ஓர் அநுமானத்தைக் கொள்கிறதென்றும், அந்த ‘மேல்’ ஆகாயத்தைச் சாராது பார்ப்பவர் தலையைச் சார்ந்ததென்றும் 1988 இல் இராமச்சந்திரன் எழுதியதை, பத்து வயதுப் பிள்ளை கண்ணிமைக்கும் நேரத்திற் கண்டுகொண்டாள். சூரியன் அவளுடைய முதுகிற் காய்ந்துகொண்டிருந்தபோதும், கவிழ்ந்த தலைக்கு அது கணக்கில் வரவில்லை.

வெள்ளிக்கிழமை

வாசிக்கும்போது நம் விழி வரியின்மீது வழுக்கிச் செல்வதில்லை, தாவித் தாவி நின்றே செல்கிறது என்ற உண்மை 19ஆம் நூற்றாண்டில், எமில் ஜவால் என்ற பிரெஞ்சுக் கண்வைத்தியரின் ஆய்வுகூடத்திற் புலப்பட்டது. கையை நீட்டிப் பிடித்தாற் பெருவிரல் நகம் எவ்வளவு இடத்தை மறைக்குமோ ஏறக்குறைய அவ்வளவே ஒரு கணத்தில் நமக்குக் கூர்மையாகத் தெரிகின்றமையின், செக்கனுக்கு மூன்று நான்கு தடவை தாவி, துண்டு துண்டாகப் பொறுக்கிய காட்சியையே முழு உலகமென நாம் அநுபவிக்கிறோம். நிலைக்கண்ணாடியின்முன் நின்று இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாறிமாறிப் பார்த்தேன். என் விழிகள் அசைந்ததை அருகில் நின்ற பேர்த்தி கண்டாள், நான் காணவில்லை.

ஆயினும் தாவாத கண்ணும் உருப்படியாகக் காண்பதில்லை. மினுமினுக்கும் புள்ளிகளின் நடுவே சிறு வெறுஞ் சதுரமொன்றை வைத்து, பார்வையை வேறோரிடத்தில் அசையாது நிறுத்தினால், சில செக்கன்களிற் சதுரம் மறைந்து அவ்விடத்தையும் புள்ளிகளே நிரப்பிவிடுகின்றன என்று இராமச்சந்திரனும் ரிச்சர்ட் கிரெகரியும் 1991 இற் காட்டினர். குருட்டுப் பொட்டின் கதையும் இதுவே. அங்கே விழித்திரையில் ஒளியுணரும் கலங்கள் இல்லாதிருந்தும், அதன் குறுக்கே செல்லும் கோடு அறுபடாத கோடாகவே தோன்றுகிறது.

ஞாயிற்றுக்கிழமை

எங்கள் ஒழுங்கையில் ஒருவர், மிதிவெடியிற் போன காலின் பெருவிரல் மாரிகாலத்திற் கடுக்கிறதென்று நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார். கேட்டவர்கள் மனப்பிரமை என்றனர். கண்ணை ஆராய்ந்த இராமச்சந்திரன் பின்னாளில் அங்கமிழந்தோரின் வேதனையை ஆராயப் புகுந்தது திசைமாற்றமன்று என்பதை இன்று உணர்ந்தேன். விழித்திரையின் வெறுமையை இட்டுநிரப்பும் அதே மூளைதான் இழந்த உறுப்பையும் இருப்பதாகக் கொள்கிறது. 1990களில் அவர் ஒரு பெட்டியிற் கண்ணாடியை நிறுத்தி, இருக்கும் கையின் பிம்பம் இல்லாத கையின் இடத்தில் விழும்படி அமைத்தபோது, சிலருக்கு இறுகிக் கிடந்த மாயக்கை விரிந்து வலி தணிந்தது. எல்லோருக்கும் அது பலிக்கும் என்பதற்கில்லை. எனினும் அந்த வலி மெய்யென்று ஒப்புக்கொள்ள அதற்குமேற் சான்று வேண்டியதில்லை.

சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதியைப் பாடங் கேட்ட நாளிலிருந்து காண்டல் வேறு, கருதல் வேறு என்று பிரித்தே எண்ணிப் பழகியிருக்கிறோம். ஐயமும் திரிபும் காட்சியில் நேருமென்பதை அந்நூலும் சொல்கிறது; திரிபற்ற காட்சிக்குள்ளும் கருதல் முன்னரே புகுந்திருக்கிறதென்பது இவ்வாராய்ச்சிகளால் நான் பெற்ற தெளிவு. சாதாரணதரப் பரீட்சைக்காக விழியின் படத்தை வரைந்து பாகம் குறிக்கும் நம் பிள்ளைகளிற் பலர், குருட்டுப் பொட்டைத் தம் கண்ணிலே தேடிப் பார்த்திருக்கமாட்டார்கள். ஒற்றையில் மூன்று அங்குல இடைவெளியில் இடப்பக்கம் ஒரு புள்ளடியும் வலப்பக்கம் ஒரு பொட்டும் இட்டு, இடக்கண்ணை மூடி, வலக்கண்ணாற் புள்ளடியையே நோக்கியபடி, ஓரடி தூரத்தில் ஒற்றையை முன்னும் பின்னும் நகர்த்தினாற் பொட்டு மறையும். நாளை மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளிடம் விழிப்படத்தை எடுக்குமுன் இந்த ஒற்றையைக் கொடுக்கப்போகிறேன்.