சீட்டு விழாதவன்



சென்ற வாரம் நம் சேகரத்தைச் சேர்ந்த ஒரு தாய், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த தம் மகனை அழைத்துக்கொண்டு குருமனைக்கு வந்தார்கள். கைபேசியை என்னிடம் நீட்டி, "ஐயா, இன்ஜினியரிங் கலந்தாய்வுக்கு ரேண்டம் நம்பர் விட்டிருக்காங்க. இது நல்ல நம்பரான்னு பாருங்க. இதுக்குன்னு ஒரு ஜெபம் பண்ணுங்க" என்றார்கள். நீளமான ஓர் எண். மகன் தலையைத் தாழ்த்தி நின்றான், அவனுக்கு வெட்கம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதன் காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

அந்த எண் எதற்கு என்பதை முதலில் அவர்களுக்கு விளக்கினேன். வீட்டில் பிள்ளைகள் இருப்போர் அறிந்துகொள்வது நல்லது. தமிழ்நாட்டில் 2007 முதல் பொறியியலுக்கு நுழைவுத்தேர்வு இல்லை. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று மதிப்பெண்களைச் சுருக்கி, 200-க்கு எவ்வளவு என்று கணக்கிடுகிறார்கள். அதையே கட்-ஆஃப் என்கிறோம். இயற்பியலில் ஒரு மதிப்பெண் குறைந்தால் கட்-ஆஃப் அரை மதிப்பெண் இறங்கும். அந்த அரை மதிப்பெண்ணுக்குள் எத்தனையோ பிள்ளைகள் நெருங்கி நிற்பார்கள். ஒரே கட்-ஆஃப் பெற்றவர்களுக்குள் கணித மதிப்பெண்ணை முதலில் பார்ப்பார்கள், பின்பு இயற்பியல், இப்படியே சென்று பிறந்த தேதி வரை ஒப்பிடுவார்கள். வயதில் மூத்தவருக்கு முன்னுரிமை. அதுவும் ஒத்துப்போனால்தான் இந்த ரேண்டம் எண்ணை எடுப்பார்கள். ஆகவே பெரும்பாலான பிள்ளைகளின் வாழ்வில் அந்த எண்ணுக்கு வேலையே வராது. "அப்போ இது நல்ல நம்பரா இல்லாட்டியும் பரவாயில்லையா ஐயா?" என்று கேட்ட அந்தத் தாயின் முகத்தில் பாதி ஆறுதல், பாதி ஏமாற்றம்.

அந்தக் குடும்பம் பட்டியல் சாதியிலிருந்து மூன்று தலைமுறைக்கு முன் ஞானஸ்நானம் பெற்ற குடும்பம். அப்படி வந்தவர்களை நம் மாநிலம் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறது. அதே தெருவில், அதே வறுமையில், திருமுழுக்குப் பெறாத சித்தப்பா மகனுக்குத் திறந்திருக்கும் இட ஒதுக்கீடு இவனுக்கு இல்லை. இதைப் பற்றித் தனியே ஒரு வாரம் எழுத வேண்டும். இங்கே சொல்லக் காரணம், ஒரு பிள்ளைக்கு இடம் கிடைப்பதும் கிடைக்காமற்போவதும் அவனுடைய படிப்பையோ விசுவாசத்தையோ மாத்திரம் சார்ந்ததன்று என்பதை நாம் மறக்கலாகாது என்பதற்காகவே.

இனி, எனக்கு ஏன் சிரிப்பு வரவில்லை என்பதைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் சேரன்மகாதேவிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு வாலிபன் என்னிடம் ஜெபத்திற்கு வந்தான். கணிதத்தில் 99, இயற்பியலில் 96, வேதியியலில் 97. கட்-ஆஃப் 195.5. அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் எலெக்ட்ரானிக்ஸ் படிக்க வேண்டும் என்பது அவன் வாஞ்சை. 1794-இல் நிலஅளவைப் பள்ளியாகத் தொடங்கிய அந்தக் கல்லூரியின் வரலாற்றையெல்லாம் அவன் எனக்குச் சொன்னான். நான் அவன் தலையில் கைவைத்து ஜெபித்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "தம்பி, கர்த்தர் உனக்கு அந்தக் கதவைத் திறந்துவிட்டார், சந்தேகப்படாதே" என்றும் சொன்னேன். அப்படிச் சொல்ல எனக்கு யார் உத்தரவு கொடுத்தது? ஒருவரும் இல்லை. அவன் தாயின் கண்ணீரைக் கண்டு வாயில் வந்த வார்த்தை அது.

அவன் அதை நம்பினான். விருப்பப் பட்டியலில் எத்தனை கல்லூரிகளை வேண்டுமானாலும் வரிசைப்படுத்தலாம். கீழே கூடுதலாக எழுதுவதால் மேலே எழுதியதற்கு யாதொரு சேதமும் இல்லை. அவனோ நான்கே நான்கு இடங்களை எழுதினான், எல்லாம் கிண்டியும் குரோம்பேட்டையும். மற்றதை எழுதுவது அவிசுவாசம் என்று எண்ணினானாம். ஒதுக்கீடு வரவில்லை. திருநெல்வேலியிலேயே 1981 முதல் இருக்கும் அரசு பொறியியல் கல்லூரியைக்கூட அவன் எழுதியிருக்கவில்லை. மனமுடைந்து, பின்னர் வந்த வாய்ப்புகளையும் விட்டுவிட்டான். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் பி.எஸ்ஸி. இயற்பியலில் சேர்ந்தான். ஆராதனைக்கு வருவதை நிறுத்திவிட்டான்.

அந்த ஆண்டு ஆகஸ்டு மாத ஞாயிற்றுக்கிழமைகளில், மகனுக்கு இடம் கிடைத்ததற்காக, மகளுக்கு இடம் கிடைத்ததற்காக என்று ஸ்தோத்திர காணிக்கைகளின் குறிப்புகளை பீடத்தண்டை நின்று ஒவ்வொன்றாக வாசித்தேன். நன்றி செலுத்துவது நல்லதே. ஆனால் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அவன் தாயின் காதில் அது எப்படி விழுந்திருக்கும் என்று நான் அன்று யோசிக்கவில்லை.

அப்போஸ்தலர் நடபடிகள் முதலாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். யூதாஸ் இழந்துபோன இடத்தை நிரப்ப இருவரை நிறுத்துகிறார்கள். இருவருக்கும் ஒரே தகுதி: யோவான் ஸ்நானம் கொடுத்த நாள் முதல் ஆண்டவரோடு நடந்தவர்கள். ஒருவன் மத்தியா. மற்றவன் பர்சபா என்னப்பட்ட யோசேப்பு. அவனுக்கு யுஸ்து என்றும் பெயர். சபை ஜெபித்துச் சீட்டுப் போட்டது. சீட்டு மத்தியாவின்மேல் விழுந்தது. நாம் எப்போதும் மத்தியாவோடு போய்விடுகிறோம். அந்த அறையில் யுஸ்து அடுத்த நிமிடம் என்ன செய்தான்? வேதம் ஒன்றும் சொல்லவில்லை. அவனிடத்தில் குறை கண்டதாகவும் சொல்லவில்லை. மடியில் போடப்பட்ட சீட்டின் முடிவு கர்த்தருடையது என்று நீதிமொழிகள் 16-ஆம் அதிகாரத்தின் கடைசி வசனம் கற்பிக்கிறது. ஆனால் சீட்டு விழாதவன் தள்ளப்பட்டவன் என்று அந்த வசனம் கற்பிக்கவில்லை. நாமாகச் சேர்த்துக்கொண்டது அது.

இன்னொன்றும் கவனியுங்கள். தெரிந்துகொள்ளப்பட்ட மத்தியாவின் பெயரும் அதன்பின் புதிய ஏற்பாட்டில் வருவதில்லை. அடுத்த அதிகாரத்தில் பெந்தெகொஸ்தே நாளில் ஆவியானவர் இறங்கியபோது, கூடியிருந்த அனைவர்மேலும் அக்கினி வந்து அமர்ந்தது. யுஸ்து அன்று எழுந்து வீட்டுக்குப் போயிருக்கவில்லை என்றே நான் நம்புகிறேன்.

போன ஆண்டு கார் நடவு நேரத்தில், ஒரு மாலை அந்த வாலிபனின் வீட்டுக்குப் போனேன். அவன் வயலிலிருந்து சேற்றுக் காலோடு வந்தான். நம் பள்ளத்தாக்கில் பாபநாசத்தில் திறக்கும் தண்ணீர் மேலைக் கால்வாய்களையெல்லாம் நிரப்பிவிட்டு, ஸ்ரீவைகுண்டம் கடைமடைக்கு எப்போது வந்து சேருமோ தெரியாது. நானும் அவனிடத்தில் அப்படியே தாமதமாய்ப் போய்ச் சேர்ந்தேன். மன்னிப்புக் கேட்டேன். அவன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "ஜெபம் பண்ணுனது தப்பில்ல ஐயா. கெடச்சிருச்சுன்னு சொன்னீங்கல்லா, அதுதான்" என்றான். அவன் தாய் காப்பி கொண்டுவந்தார்கள். குடித்துவிட்டு வந்தேன்.

ஆகவே சென்ற வாரம் அந்தத் தாயின் கைபேசியை வாங்கி, அந்த எண்ணின்மேல் அல்ல, அந்தப் பிள்ளையின்மேல் கைவைத்து ஜெபித்தேன். இடம் கிடைக்கும் என்று சொல்லவில்லை. ஜெபம் முடிந்ததும் அவனை உட்காரவைத்து, தாளில் வரிசையாய் இருபத்தேழு விருப்பங்களை எழுதினோம். கிண்டி முதலாவது; திருநெல்வேலியும் உண்டு.

மற்றவன் இன்னும் ஆராதனைக்கு வரவில்லை. கலந்தாய்வுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளுக்காக இந்த வாரம் முழங்கால்படியிடும்போது, பெயர் தெரியாவிட்டாலும் அவனையும் நினைத்துக்கொள்ளுங்கள். அவனுடைய ஐயரையும்.